களனி ஆற்றில் அந்திப் படகுப் பயணம்: சூரியனைத் தவறவிட்டோம், எங்கே பிழை விட்டோம்?

வெள்ளவத்தையிலிருந்து கேட்பவர்

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த பெரியப்பா, பெரியம்மா உட்பட நாங்கள் ஒன்பது பேர், டிசம்பர் நடுப்பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், களனி ஆற்றில் சூரியன் மறைவதைப் பார்ப்பதற்கென்றே ஒரு பைபர் படகை வாடகைக்குப் பேசிப் போனோம். வத்தளைப் பக்கக் கரையில் 5 மணிக்கு ஏறுவதாக ஏற்பாடு. ஆனால் முழங்கால் வலியுள்ள அம்மாவை ஏற்றுவதிலேயே நேரம் போய்விட்டதால் 5.25க்குத்தான் புறப்பட்டோம். படகுக்காரர் முதலில் ஆற்றின் மேல்பக்கமாகப் புதிய களனிப் பாலத்தைக் காட்ட அழைத்துச் சென்று, அதன்பிறகே முகத்துவாரப் பக்கம் திருப்பினார். அப்போது மணி 5.45 கூட ஆகவில்லை. அன்றைய அஸ்தமனமோ 5.58 என்று பார்த்து வைத்திருந்தேன். அப்படியிருந்தும் சூரியன் இடக்கரையின் மரங்களுக்கும் வீடுகளுக்கும் பின்னால் ஏற்கனவே மறைந்துவிட்டது. மட்டக்குளிப் பாலத்தை அடைந்தபோது வானத்தில் ஒரு சிவப்புக் கீற்று மட்டுமே மிச்சம் இருந்தது. திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. படகில் விளக்கும் இல்லை.

பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவர் முகம் எனக்குத் தெரியும். அவர் பிப்ரவரியில் மீண்டும் வருகிறார். இந்த முறை சரியாகச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும், எந்தப் பகுதியில் நிற்க வேண்டும், அம்மாவைப் படகில் ஏற்றுவதற்கு நல்ல வழி எது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். களனி ஆறே இதற்குத் தகுந்த இடம்தானா என்பதையும் சொல்லுங்கள்.

மட்டக்குளியில் வளர்ந்தவர்

தங்கச்சி, என் தகப்பனார் அந்த ஆற்றில் வள்ளம் ஓட்டியவர். நான் சிறுவயதில் அவருடன் போயிருக்கிறேன். நீங்கள் விட்ட பிழை தாமதம் மட்டுமல்ல. புறப்பட்டவுடன் மேல்பக்கம் போனதே முதல் பிழை, ஏனென்றால் அந்த நேரத்தில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கும். பாலம் எங்கும் போய்விடாது, சூரியன் போய்விடும். பாலத்தை அஸ்தமனத்துக்குப் பிறகு, விளக்குகள் ஏற்றிய நேரத்தில் பார்ப்பதே அழகு.

இரண்டாவது, ஆறு மேற்கு நோக்கிக் கடலில் விழுகிறது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். களனிப் பாலங்களைத் தாண்டியபின் அது பெரும்பாலும் வடமேற்காகவே ஓடுகிறது. ஆகவே கீழ்நோக்கிப் போகும் படகின் முகப்பில் சூரியன் இருப்பதில்லை, இடப்பக்கத்தில் இருக்கும். டிசம்பரில் சூரியன் நேர்மேற்கிலிருந்து ஏறத்தாழ 23 பாகை தெற்கே ஒதுங்கி மறைவதால், அது உங்கள் இடத்தோளுக்கு நேராக, மட்டக்குளி வீடுகளின் மேல் இறங்கியிருக்கும். ஜூனில் அதே அளவு வடக்கே ஒதுங்கிவிடும், அப்போது படகின் முகப்புக்கு நெருங்கி வரும். பிப்ரவரி நடுவில் இன்னும் மேற்குக்குச் சற்றுத் தெற்கேதான் இருக்கும். எனவே உங்கள் பெரியப்பாவைப் போகும்போது இடப்பக்கம் பார்த்து உட்காரச் செய்யுங்கள்.

படகுக்காரரிடம் "சுற்றிக் காட்டுங்கள்" என்று சொல்லாதீர்கள். "மட்டக்குளிப் பாலத்தருகே ஆறு அகன்று கிடக்கும் இடத்தில், வலக்கரையை, அதாவது வத்தளைப் பக்கக் கரையை ஒட்டி, அஸ்தமனத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பாகவே நிற்க வேண்டும்" என்று சொல்லுங்கள். பாலத்துக்குக் கீழே, கழிமுகத்து மணல்திட்டு வரை போக வேண்டாம். அலை உடையும் இடம் அது. பிள்ளைகளும் முதியவர்களும் இருக்கும் படகுக்கு அது ஏற்றதல்ல.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கொட்டாஞ்சேனை

முன்னவர் சொன்ன வலக்கரை யோசனை மிகச் சரியானது. அதன் காரணத்தைக் கணக்காகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இதைப் புரிந்துகொண்டால் எந்த ஆற்றிலும் நீங்களே நேரம் கணிக்கலாம்.

நாட்காட்டியில் போடும் அஸ்தமன நேரம், தடையில்லாத கடல் அடிவானத்துக்கு உரியது. ஆற்றில் உங்கள் அடிவானம் எதிர்க்கரையின் மரவுச்சிதான். கொழும்பில் மாலைச் சூரியன் ஒரு பாகை இறங்க நான்கு நிமிடங்களுக்குச் சற்று மேலாகும். மரங்கள் 15 மீற்றர் உயரம் என்றும் நீங்கள் அவற்றிலிருந்து 85 மீற்றர் தூரத்தில் இருக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொண்டால், மரவுச்சி 10 பாகை உயரத்தில் தெரியும். அதாவது உண்மையான அஸ்தமனத்துக்கு 40 நிமிடங்களுக்கு மேல் இருக்கும்போதே சூரியன் உங்கள் கண்ணிலிருந்து போய்விடும். அதே மரங்களிலிருந்து 170 மீற்றர் விலகி நின்றால் தடை 5 பாகையாகக் குறைந்து, ஏறத்தாழ 20 நிமிடங்கள் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். 5.58 என்று நம்பிப் போனவர்களுக்கு 5.45க்கே சூரியன் இல்லாமல் போனதன் காரணம் இதுதான், மகள். படகுக்காரர் மீது முழுப் பழியையும் போட வேண்டாம்.

கொழும்பில் ஆண்டு முழுவதும் அஸ்தமன நேரம் அதிகம் மாறுவதில்லை. நவம்பர் நடுவில் ஏறத்தாழ 5.50, பிப்ரவரி நடுவில் 6.23, ஜூலையில் 6.30. பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் அந்தி வெளிச்சமும் நீண்டு நிற்பதில்லை. சூரியன் மறைந்து இருபது, இருபத்திரண்டு நிமிடங்களில் கரையின் உருவம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. பிப்ரவரியில் 5 மணிக்கு எல்லோரும் படகில் அமர்ந்திருந்து, 5.35க்கு அகன்ற இடத்தில் நின்று, 6.25க்குத் திரும்பத் தொடங்கினால், வெளிச்சம் முற்றாகப் போவதற்கு முன் கரையேறலாம். அம்மாவை ஏற்றும் நேரத்தை இந்தக் கணக்குக்குள் சேர்க்காமல், தனியாக இருபது நிமிடம் முன்பே ஒதுக்குங்கள்.

பத்தரமுல்லை வாசி

களனி ஆறேதான் வேண்டுமா? பாராளுமன்றத்தைச் சூழ்ந்த தியவன்னா ஓயாவின் நீர் அமைதியானது, அதன் கரையிலுள்ள தியத்த உயன பூங்காப் பக்கம் நடைபாதையும் நன்றாக இருக்கிறது. பறவைகளுக்கும் குறைவில்லை, நீர்க்காகமும் கூழைக்கடாவும் பின்னேரத்தில் கூடு திரும்புவதைப் பிள்ளைகள் விரும்பிப் பார்ப்பார்கள். 1982இல் திறக்கப்பட்ட ஜெஃப்ரி பாவாவின் பாராளுமன்றக் கட்டடம் நீருக்கு நடுவே தெரியும். கொழும்பு 2018இல் ராம்சர் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றதும் இப்படிப்பட்ட நீர்ப்பரப்புகளால்தான்.

மட்டக்குளியில் வளர்ந்தவர்

தியவன்னாவின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் பாராளுமன்றத்தைச் சூழ்ந்த பகுதி பாதுகாப்புக்குரியது என்பதால் நினைத்த இடத்தில் படகை நிறுத்த முடியாது. ஆகாயத்தாமரை அடர்ந்த இடங்களில் இயந்திரத்தின் விசிறி சிக்கிக்கொள்ளும். பறவை பார்ப்பதற்கு அது நல்ல இடம். சூரியன் நீருக்குள் இறங்குவதுபோல் பார்க்க வேண்டுமென்றால் அல்ல. ஹமில்டன் கால்வாயைச் சிலர் சொல்வார்கள். வெள்ளைக்காரர் 1804இல் வெட்டி முடித்த அந்தக் கால்வாய் களனியிலிருந்து நீர்கொழும்பு வரை கரையோரமாக வடக்கே ஓடுவதால், மேற்கே எப்போதும் தென்னைகளும் வீடுகளும் மறைக்கும். காலை நேரத்துக்கு அது அருமையானது.

தாதியாகப் பணியாற்றுபவர், தெகிவளை

அக்கா, அம்மாவை ஏற்றும் விடயத்தில் நான் சொல்வதைக் கேளுங்கள். நின்ற நிலையில் ஒரு காலைப் படகுக்குள் வைக்கச் சொல்வதுதான் முழங்காலுக்கு மிகக் கெட்டது. படகு நகரும், உடல் பாரம் ஒற்றைக் காலில் விழும், பயத்தில் அவர் பின்னுக்கு இழுப்பார். அதற்குப் பதிலாகப் படகை முன்னும் பின்னும் இரண்டு கயிறுகளால் கட்டச் சொல்லுங்கள். அம்மா முதலில் இறங்குதுறைப் பலகையின் விளிம்பில் உட்காரட்டும். பிறகு கால்களைப் படகுக்குள் திருப்பி, கீழே வைத்த உறுதியான மரமுக்காலியில் பாதங்களை ஊன்றி, எதிரே நிற்பவரின் முன்கையைப் பிடித்து எழும்பட்டும். அவருடைய கையை நீங்கள் இழுக்க வேண்டாம், அவரே உங்களைப் பிடிக்கட்டும். கொழும்புக் கரையில் கடல் ஏற்றவிறக்கம் பெரும்பாலும் அரை மீற்றருக்கு மேல் போவதில்லை. ஆனால் ஆற்றில் நீர்மட்டம் மழையோடு ஏறி இறங்கும். அன்று காலையே ஒருவரை அனுப்பித் துறைக்கும் படகுக்கும் எவ்வளவு உயர வித்தியாசம் என்று பார்த்துவிடுங்கள்.

டெங்கு பரப்பும் நுளம்பு அந்திக்குச் சற்று முன்புதான் மும்முரமாகக் கடிக்கும், ஆகவே முழுக்கை உடுப்பும் பூச்சுமருந்தும் ஏறுவதற்கு முன்பே. கையில் காலில் புண் இருந்தால் ஆற்றுநீர் படாமல் மூடிக்கொள்ளுங்கள், எலிக்காய்ச்சல் பயம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அவர்கள் அளவுக்கான உயிர்காப்பு அங்கியையே கேளுங்கள். பெரியவர்களின் அங்கி சிறுவர்களின் தலைக்கு மேலால் கழன்று போய்விடும்.

வெள்ளவத்தையிலிருந்து கேட்டவர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்ன கணக்கைப் பெரியப்பாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன், அவர் தாளில் படம் வரைந்து பார்த்தாராம். இன்னும் ஒரு கவலை இருக்கிறது. சென்ற முறை வானம் சிவந்தவுடன் எல்லோரும் கைப்பேசியை எடுத்துக்கொண்டு எழும்பி ஒரே பக்கம் சாய்ந்தபோது படகு நன்றாகச் சரிந்தது. படகுக்காரர் சத்தம் போட்டதால்தான் உட்கார்ந்தார்கள். இதற்கு என்ன செய்யலாம்?

மட்டக்குளியில் வளர்ந்தவர்

நல்ல வேளை கேட்டீர்கள். ஒரு அந்திப் பயணத்தில் மிக ஆபத்தான ஐந்து நிமிடம் அதுதான். படகின் முகப்பைச் சூரியனுக்கு நேராக நிறுத்தினால், முன்வரிசையில் இருப்பவர்களின் தலை பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும், அவர்கள் எழும்பியே தீருவார்கள். முகப்பு சற்று ஒரு பக்கம் திரும்பி நிற்கும்படி, சூரியன் இடமுகப்பு மூலையில் இருக்கும்படி நங்கூரம் போடச் சொல்லுங்கள். அப்போது ஒவ்வொருவரும் தன் இருக்கையிலிருந்தே தலையைத் திருப்பிப் பார்க்கலாம். இயந்திரத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள், புகையும் இரைச்சலும் இல்லாத அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் போகிறீர்கள். ஆனால் நங்கூரம் பிடித்துவிட்டது என்று உறுதியான பிறகே நிறுத்த வேண்டும்.

இன்னொன்று, ஒன்பது பேரை ஒரே படகில் ஏற்றாதீர்கள். ஐந்தும் நான்குமாக இரண்டு படகு பிடியுங்கள். செலவு கூடும், ஆனால் ஒரு படகில் இருப்பவர்கள் மற்றப் படகைப் படம் எடுக்கலாம். எழும்பி நின்று எடுக்க வேண்டிய தேவையே வராது. படகின் பதிவுப் பத்திரத்தையும், விளக்கு இருக்கிறதா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன் பாருங்கள்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கொட்டாஞ்சேனை

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. களனி ஆறு சிவனொளிபாதமலைப் பக்கத்திலிருந்து ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடி வருகிறது; கொழும்பில் வெயில் அடிக்கும் நாளிலும், முந்தைய நாள் மலைநாட்டில் பெய்த மழை இங்கே செம்மண் நிற நீரோட்டமாக வந்து சேரும். நீர்ப்பாசனத் திணைக்களம் நாகலகம் வீதி அளவுகோலின் நீர்மட்டத்தை அடிக்கணக்கில் வெளியிடுகிறது. 5 அடியில் சிறுவெள்ளம், 7 அடியில் பெருவெள்ளம் என்பது அதன் வகைப்பாடு. அந்த எண் ஏறிக்கொண்டிருந்தால், 5 அடியைத் தொடாவிட்டாலும், பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பிப்ரவரி பொதுவாக மழை குறைந்த மாதம், ஆகையால் உங்களுக்கு வாய்ப்பு அதிகம்.

வெள்ளவத்தையிலிருந்து கேட்டவர்

சென்ற சனிக்கிழமை போய் வந்தோம். இரண்டு படகு, முன்கூட்டியே மரமுக்காலி, 5 மணிக்கு எல்லோரும் அமர்ந்தாகிவிட்டது. அம்மா உட்கார்ந்து கால்களைத் திருப்பி ஏறியதில் இரண்டு நிமிடம்தான் போனது, ஒரு முனகல்கூட இல்லை. பாலத்துக்குச் சற்று மேலே வலக்கரையோரம் நங்கூரம் போட்டு நின்றோம். 6 மணிக்குப் பிறகும் சூரியன் முழுதாகத் தெரிந்தது. தென்னைகளின் உச்சியைத் தொட்டு அது மறையும்வரை ஒருவரும் எழும்பவில்லை. படகுக்காரர் எங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது, கொழும்பு குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு மேலே அம்பத்தளையில் இதே ஆற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது என்று சொன்னார். பெரியப்பா அதற்குப்பின் நெடுநேரம் கையை நீருக்கு மேலே வைத்தபடி இருந்தார், தாதித் தங்கச்சி சொன்னதை நினைவுபடுத்தியதால் தொடவில்லை.

அவர் ஜூலையில் பேரப்பிள்ளைகளுடன் வருவாராம், அப்போதும் போகலாமா என்று கேட்கிறார்.

மட்டக்குளியில் வளர்ந்தவர்

கேட்டு மனம் நிறைந்தது, தங்கச்சி. ஜூலையில் சூரியன் முகப்புக்கு நெருங்கி இறங்கும், காட்சி இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் அது சோழகக் காற்றின், அதாவது தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். கழிமுகத்தில் அலை பெரிதாக எழும்பும், பின்னேரத்தில் திடீர்க் காற்றும் வரும். நாள் குறிக்காமல் வாரத்தைக் குறித்து வையுங்கள், அந்த வாரத்தில் காற்று அடங்கிய பின்னேரம் எது என்று படகுக்காரர் சொல்லட்டும். அப்போதும் பாலத்துக்கு மேலேயே நில்லுங்கள்.