புதுப்பிப்பு: பழவேற்காட்டு மணலில் தார்ப்பாய் கட்டிய கதை

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். தண்டையார்பேட்டையிலிருந்து எங்கள் மலையேற்றக் குழு, பதினான்கு பேர், ஆடிக் கடைசியில் பழவேற்காட்டில் ஒரு மீனவ நண்பரின் ஓலைக் குடிசையில் கூடுகிறோம். இடம் பத்தாது, வெளியே தார்ப்பாய் கட்ட வேண்டும், மணலில் முளை நிற்குமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முளை நிற்கவில்லை. இரண்டடிக் கம்பிகூட மதியக் கடல்காற்றில் பிடுங்கிக்கொண்டு வந்தது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், கம்பி எம்மாத்திரம்!

காப்பாற்றியது சாக்கு மூட்டை யோசனை. காலி அரிசிச் சாக்கில் மணல் நிரப்பி, நடுவில் கயிறு சுற்றி, முழங்கால் ஆழக் குழியில் படுக்கப் புதைத்தோம். மூட்டை கயிற்றுக்குக் குறுக்காகக் கிடக்க வேண்டும். கயிறு மேலே வரும் வழியைச் சரிவாக வெட்டுங்கள். முதல் மூட்டையில் இதை விட்டுவிட்டோம், அது மேலே எழும்பி வந்துவிட்டது. பனிமலை ஏறுபவர்கள் பனியில் நங்கூரம் புதைப்பதும் இதே கணக்குதான்.

எதிர்பாராதது காரபினர், அதாவது கயிறு மாட்டும், வாய் திறந்து மூடும் கொக்கி. அலுமினியம்தானே, துருப்பிடிக்காது என்று கடல் உப்பைக் கழுவாமல் அப்படியே பையில் போட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்து எடுத்தால் வெள்ளைப் பொடி பூத்து, இரண்டின் வாய் திறக்கவே இல்லை. வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் கீல் பக்கம் தேய்த்ததும் ஒன்று சரியாகிவிட்டது. மற்றொன்றில் குழிகுழியாக அரித்திருந்தது. அது இப்போது வீட்டுச் சாவிக்கொத்தில் தொங்குகிறது.