பாட்டிஸ்டுட்டா ஃபியோரெண்டினாவுலயே கெடந்தது சரியா? அந்த கால் மேட்டர் உண்மையா?

கடலூர்காளை:
மக்களே, நேத்து நைட்டு யூடியூப்ல சும்மா ஸ்க்ரோல் பண்ணிட்டிருந்தப்ப அர்ஜென்டினா ஃபுட்பால் ஸ்ட்ரைக்கர் பாட்டிஸ்டுட்டாவோட கோல்ஸ் வீடியோ ஒண்ணு வந்துச்சு, அதுல மாட்டி தூக்கமே போச்சு. என்ன அடிடா அது, பந்து மேல ஏதோ சொத்து தகராறு இருக்குற மாதிரில்ல ஒதைக்கிறாரு. ஆனா கேரியர் எடுத்துப் பாத்தா 1991ல இருந்து 2000 வரைக்கும் ஃபியோரெண்டினான்னு ஒரு இத்தாலி கிளப்புலயே இருந்து ஜெயிச்சது 1996ல ஒரு இத்தாலி கப், ஒரு சூப்பர் கப், அவ்ளோதான். இந்த லெவல் ஸ்ட்ரைக்கர் ஏன் முன்னாடியே பெரிய கிளப்புக்கு போகல? அப்புறம் ரிட்டையர் ஆனப்புறம் டாக்டர்கிட்ட போயி கால வெட்டிருங்கன்னு கேட்டாராமே, நெசமா இல்ல வாட்ஸ்அப் கதையா?

பழைய_ரசிகன்:
தம்பி, இப்ப இருக்குற இத்தாலி லீக்க வச்சு அத பாக்காதீங்க. அப்ப உலகத்துல பெரிய டிஃபெண்டர் பாதிப் பேரு அங்கதான், பரேசி, மல்டினி எல்லாம் நிக்கிற எடத்துல வருஷா வருஷம் கோல் போடணும். 1993ல ஃபியோரெண்டினா செகண்ட் டிவிஷனுக்கு எறங்கிருச்சு, அர்ஜென்டினா டீம் ஸ்ட்ரைக்கர், அந்த வருஷம் தென் அமெரிக்க நாடுகளோட கப்பு கோப்பா அமெரிக்கா ஃபைனல்ல மெக்சிகோவுக்கு எதிரா ரெண்டு கோலும் போட்ட ஆளு, ஆனாலும் போகல, கூடவே எறங்கி 16 கோல் போட்டு மேல தூக்கிட்டு வந்தாரு. வந்த கையோட 94-95 சீசன்ல மொத 11 மேட்சுலயும் வரிசையா கோல், மொத்தம் 26, டாப் ஸ்கோரர். ஊர்க்காரங்க உயிரோட இருக்குற மனுஷனுக்கு செலையே வச்சுட்டாங்க.

அத விடுங்க, 98-99 தான் எனக்கு இன்னும் ஆறல. டிராபட்டோனி கோச், டீம் டேபிள் டாப்புல. பிப்ரவரில மிலான் கூட மேட்ச், தலைவர் முட்டிய புடிச்சுட்டு உக்காந்துட்டாரு. சரி இன்னொரு ஸ்ட்ரைக்கர் எட்முண்டோ இருக்கான்ல சமாளிச்சுக்கலாம்னு பாத்தா அவன் கார்னிவல் திருவிழான்னு பிரேசில் ரியோவுக்கு ஃப்ளைட் ஏறிட்டான்!! காண்ட்ராக்ட்லயே அனுமதி வாங்கி வச்சிருந்தானாம். கடைசில மிலான் சாம்பியன், நாம மூணாவது.

ஆஃப்சைடு_ஆறுமுகம்:
அண்ணே, விசுவாசம் விசுவாசம்னு ரொம்ப உருகாதீங்க. கடைசில போனாருல்ல? 2000ல ரோமா கிளப்பு 70 பில்லியன் லிரா குடுத்தாங்க, 31 வயசு ஆளுக்கு அந்த காலத்துல அது கேள்விப்படாத காசு. கிளப்புக்கும் அந்த பணம் தேவப்பட்டுச்சு, அப்புறம் ரெண்டே வருஷத்துல திவாலாகி நாலாவது டிவிஷன்ல இருந்து ஆரம்பிச்சாங்க. போன மொத சீசனே 20 கோல், லீக் டைட்டில். அப்ப என்ன அர்த்தம், அஞ்சு வருஷம் முன்னாடி போயிருந்தா மூணு நாலு கப்பு ஷெல்ஃப்ல இருந்திருக்கும். ஸ்ட்ரைக்கரோட நல்ல காலமே கொஞ்ச வருஷம்தான், அத ஒரு ஊருக்கு எழுதி வைக்கிறது எனக்கு செட் ஆகல.

பழைய_ரசிகன்:
அதே சீசன் நவம்பர்ல ரோமா–ஃபியோரெண்டினா மேட்ச் பாத்தீங்களா? 0-0னு போயிட்டிருக்கு, 83வது நிமிஷம் தூரத்துல இருந்து எறங்கி வர்ற பந்த அப்படியே ஒரு வாலி, வலை கிழியாத கொற. கிரவுண்டே ஆடுது, டீம்மேட்ஸ் எல்லாம் மேல விழுறாங்க, இவரு மட்டும் அழுதுட்டு நிக்கிறாரு. அத பாத்துட்டு வந்து கணக்கு போடுங்க ஆறுமுகம்.

பிசியோ_பொண்ணு:
கால் மேட்டருக்கு யாரும் வரலயே. நெசம்தான் ப்ரோ, 2014ல அவரே ஒரு டிவி பேட்டில சொன்னது. 2005ல ஆட்டத்த நிறுத்துனாரு, நிறுத்துன உடனே நடக்க முடியல. பாத்ரூம் மூணு மீட்டர் தூரம்தான், விடியக்காலைல எந்திரிச்சா கணுக்கால் உயிர் போயிரும்னு பயந்து பெட்லயே ஒண்ணுக்கு போயிருக்காரு. அப்பதான் டாக்டர்கிட்ட போயி வெட்டிருங்கன்னு கெஞ்சி, செயற்கைக் கால் மாட்டி ஓடுன பிஸ்டோரியஸ காட்டி இதுதான் எனக்கு வழின்னு சொல்லிருக்காரு. டாக்டர் முடியாதுன்னுட்டாரு. கணுக்கால்ல எலும்புக்கு நடுவுல இருக்குற குருத்தெலும்பு தேஞ்சு போச்சு, எலும்பும் எலும்பும் உரசுது, அதுமேல 80 கிலோவுக்கு மேல வெயிட்டு. ஒரு கால்ல ஸ்க்ரூ போட்டு அசையாம இறுக்கிட்டாங்க, 2019ல ஸ்விட்சர்லாந்துல இன்னொரு கணுக்காலுக்கு செயற்கை மூட்டு வச்சாங்க.

காயம் முழுசா ஆறாமலே அடுத்த மேட்சுக்கு எறங்குறதுதான் இதுக்கு மெயின் காரணம், எங்க ஃபீல்டுல தெனம் பாக்குறோம். வலிக்கு ஊசி போட்டா வலிதான் அடங்கும், தேய்மானம் நிக்காது. அதனால ஆறுமுகம் சார், கப்பு கணக்கு மட்டும் போட்டா பத்தாது.

கடலூர்காளை:
இவ்ளோ அனுபவிச்சிருக்காரா... ஃபுட்பால் அவ்ளோ புடிக்குமா மனுஷனுக்கு?

பழைய_ரசிகன்:
அங்கதான் தமாசே. பெருசா புடிக்காதுன்னு அவரே பல தடவ சொல்லிருக்காரு, இது எனக்கு வேல, வீட்டுக்கு வந்தா ஃபுட்பால் பேச்சே கெடையாதுன்னு. சின்ன வயசுல பாஸ்கெட்பால் வாலிபால்னு திரிஞ்ச ஆளு, கோச் பியெல்சா இருந்த காலத்துல நியூவெல்ஸுக்கு வந்து சேந்தாரு, அப்புறம் ரிவர் பிளேட், போக்கா, எல்லாம் அர்ஜென்டினா கிளப்பு, அங்க இருந்து இத்தாலி. இப்ப ஊருல மாடு பண்ணை, போலோ, கோல்ஃப்.

ஆஃப்சைடு_ஆறுமுகம்:
வேலைன்னு நெனச்சே ரெண்டு உலகக்கோப்பைல ஹாட்ரிக்கா, அதுவும் ரெண்டுமே ஜூன் 21, 94ல கிரீஸ், 98ல ஜமைக்கா. வேற யாரும் ரெண்டு உலகக்கோப்பைல ஹாட்ரிக் போட்டதில்ல. சரிண்ணே ஸ்கில்ல ஒத்துக்கிறேன், ஆனா கிளப் விஷயத்துல நான் எறங்க மாட்டேன். காளை, நீ 1999 வெம்ப்ளி மேட்ச பாரு, ஃபியோரெண்டினாவுக்காக அடிச்சு இங்கிலாந்து கிளப் ஆர்சனல சாம்பியன்ஸ் லீக்ல இருந்து வெளிய அனுப்புன கோல். வலது பக்கம் ஆங்கிளே இல்லாத எடத்துல இருந்து அடிச்சது, கோல்கீப்பர் சீமனுக்கு கை தூக்கக்கூட டைம் இல்ல.