கண்டி நகருக்குள் இவ்வளவு பெரிய காடு தேவையா?

கட்டுகஸ்தோட்டை வாசி:
தினமும் கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிக்கு வேலைக்கு வருகிறவன் நான். காலையில் பஸ் ஊர்ந்து ஊர்ந்துதான் நகருக்குள் நுழைகிறது. வாகனம் நிறுத்த இடமில்லை. வாடகைக்கு ஒரு அறை தேடினால் மேட்டு விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் வீட்டைக் காட்டுகிறார்கள். ஆனால் தலதா மாளிகைக்குப் பின்னால் உடவத்தகெலே என்று 104 ஹெக்டேயர் காடு அப்படியே கிடக்கிறது. முழுவதையும் வெட்டச் சொல்லவில்லை. ஓரமாகப் பத்து ஏக்கரை எடுத்து வாகனத் தரிப்பிடமும் மாடி வீடுகளும் கட்டினால் என்ன குறைந்துவிடும்? தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்றில், அந்த ஒற்றை அறையில் வளர்ந்தவன் கேட்கிறேன். பறவைக்கு இருக்கிற இடம் மனிதனுக்கு இல்லையா?

அம்பிட்டிய டீச்சர்:
தம்பி, உங்கள் வீட்டுக் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் கேட்கும் பத்து ஏக்கர் தட்டையான காணி இல்லை. நகரத்தின் தலைக்கு மேல் நிற்கும் சரிவு அது. அங்கே கொட்டுகிற மழையை இப்போது வேரும் சருகும் பிடித்து வைத்து மெதுவாக விடுகின்றன. அதன்மேல் கொங்கிரீட் போட்டால் அத்தனை தண்ணீரும் ஒரே மூச்சில் ஏரிக்கரை வீதிக்கு இறங்கும். ஏரியிலிருந்து மகாவலி ஆற்றுக்குப் போகும் மெத-எலக் கால்வாய் ஏற்கனவே நகரத்துக் கழிவைச் சுமக்க முடியாமல் நாறுகிறது.

காற்றையும் யோசியுங்கள். கண்டி ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிற ஊர். பஸ் புகை எழும்பினாலும் சுற்றியுள்ள மலைகள் அதை வெளியே விடுவதில்லை. அந்தக் கிண்ணத்துக்கு உள்ளேயே இருக்கிற பெரிய மரக்கூட்டம் இது.

மன்னர் காலத்தில் சாதாரண மக்கள் இந்தக் காட்டுக்குள் கால் வைக்க முடியாது. கோப்பிக்காக மலை மலையாக மொட்டையடித்த வெள்ளைக்காரனே 1856இல் இதை ஒதுக்கிய காடாக அறிவித்தான். 1938இல் சரணாலயமானது. கோப்பிப் பேராசை பிடித்தவனே ஒதுக்கி வைத்த இடத்தில் வாகனம் நிறுத்தப் போகிறோமா?

ஹந்தானை தங்கராசு:
டீச்சர், கோபிக்க வேண்டாம். காட்டைக் காப்பாற்றுவோம் என்று நகரத்தில் பேசும்போதெல்லாம் அதன் விலையை மேலே இருக்கிற நாங்கள்தான் கொடுக்கிறோம். 2010இல் கண்டிக்கு மேலே நிற்கும் எங்கள் ஹந்தானை மலையைச் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவித்தார்கள். நல்லதுதான். மலை எங்களுக்கும் வேண்டும். அதற்குப் பிறகு தங்கச்சியின் கல்யாணத்துக்காக லயத்துக்குப் பின்னால் ஒரு காம்பரா இறக்கலாம் என்று அனுமதி கேட்டுப் போனோம். ஓர் அலுவலகம் இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பியது. அங்கே மண்சரிவு அறிக்கை கேட்டார்கள், அப்புறம் காணி உறுதிப் பத்திரம் கேட்டார்கள். நாலு தலைமுறையாகத் தோட்டத்தில் இருப்பவனிடம் ஏது உறுதி? காம்பரா கடைசி வரை எழும்பவில்லை. அதே மலையில் பணமுள்ளவர்கள் சரிவை வெட்டி மாடி மேல் மாடியாக விடுதி கட்டுகிறார்கள். சட்டம் எங்கள் தகரக் கூரைக்கு மட்டும்தானா?

பீலிக்கரை:
தங்கராசு தம்பி சொல்வது சத்தியமான வார்த்தை. இருந்தாலும் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தோட்டத்தில் பிறந்த எவருக்கும் மலை ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் பீலி தெரியும். எங்கள் டிவிசனில் மலை உச்சியில் ஒரு துண்டுக் காடு இருந்தது. விறகுக்காக அதை வெட்டினார்கள். அடுத்த பங்குனியிலேயே பீலி சொட்டுச் சொட்டாக வடிய ஆரம்பித்தது. பெண்கள் கொழுந்து பறித்துவிட்டு வந்து இரவில் குடத்தோடு வரிசையில் நின்றார்கள்.

கண்டி நகரத்துக்கும் ஒரு பீலி உண்டு. அதன் பெயர் துனுமடலாவ. அது ஒருகாலத்தில் தேயிலையும் கொக்கோவும் நட்டிருந்த தோட்டக் காணி. அங்கே இருக்கும் இரண்டு நீர்த்தேக்கங்களுக்காக மாநகர சபை அந்தக் காணியை எடுத்துக்கொண்டு பயிர்செய்கையை நிறுத்தியது. இன்று அங்கே கிட்டத்தட்ட 480 ஹெக்டேயர் காடு நிற்கிறது. நட்டு வளர்த்ததை விடத் தானாக வந்ததுதான் அதிகம். கண்டியில் குழாயைத் திறக்கிறவர்கள் ஒருமுறை அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

கட்டுகஸ்தோட்டை வாசி:
அண்ணே, உங்கள் உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. தோட்டமே திரும்பக் காடாகும் என்றால், இங்கே பத்து ஏக்கர் எடுத்துக்கொண்டு வேறு எங்காவது பாழடைந்த தேயிலைக் காணியைக் காடாக விடலாமே? கணக்குச் சரியாகிவிடும்.

அம்பிட்டிய டீச்சர்:
கணக்குச் சரியாகாது தம்பி. துனுமடலாவ திரும்பி வர எத்தனை தலைமுறை ஆயிற்று என்று பாருங்கள். விதை கொண்டுவரப் பறவை வேண்டும், பறவைக்குப் பக்கத்தில் ஒரு பழைய காடு வேண்டும். உடவத்தகெலேயில் இலங்கைக்கே உரிய கிளியும் குக்குறுவானும் இன்னும் இருக்கின்றன. மரத்துக்கு மரம் தாவி ஏறும் ராட்சதக் கொடி அங்கே மனித உடம்பளவு பருத்துக் கிடக்கிறது. அதை எந்தக் காணிக்கு மாற்றுவது?

இன்னொன்று, சின்னக் காட்டுக்கு ஓரம்தான் உயிர் போகிற இடம். வெட்டிய விளிம்பு வழியே வெயிலும் காற்றும் உள்ளே போகும், மண் காயும், பின்னால் கொடி ஏறும். இப்போதே வீடுகளில் வளர்க்கிற மணி பிளான்ட் பெரிய இலை விட்டுக் காட்டுத் தரையை மூடிக்கொண்டு வருகிறது. பத்து ஏக்கரோடு சேதம் நிற்காது. சரணாலயம் என்று பலகை வைத்ததோடு வேலை முடிந்ததாக நினைக்கும் அதிகாரிகள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. கொடியைப் பிடுங்க ஆள் வேண்டும், காசு வேண்டும்.

ஹந்தானை தங்கராசு:
அந்த வேலையை எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். தோட்டத்தில் கான் என்கிற வடிகால் வெட்டி, களை பிடுங்கிப் பழகிய கை. சம்பளத்தோடு கொடுக்க வேண்டும், சிரமதானம் என்று கூப்பிடக் கூடாது.

ஆனால் வீட்டுக் கேள்வி அப்படியே நிற்கிறது. கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். போக வேறு காணி கொடுக்கவில்லை. காட்டை வெட்டாதே, சரிவில் கட்டாதே என்று சொல்வது சரி. எங்கே கட்டு என்று யார் சொல்வது? லயத்துக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணி என்றார்கள். இன்னும் எத்தனையோ குடும்பங்களுக்கு அது பேச்சாகவே இருக்கிறது.

பீலிக்கரை:
எங்கே என்று நான் சொல்கிறேன் தம்பி. கொழுந்து பறிக்காமல் காடாகக் கிடக்கும் தேயிலை மலைகள் கண்டி மாவட்டத்திலேயே இருக்கின்றன. அதில் சரிவு குறைந்த, பாதைக்குக் கிட்டிய துண்டுகளை அளந்து உறுதியோடு லயத்து மக்களுக்குக் கொடுக்கட்டும். செங்குத்தான பக்கத்தை மரத்துக்கு விடட்டும். உடவத்தகெலேயில் கட்டப்படும் மாடி வீடு எதுவும் லயத்துக்காரனுக்குக் கிடைக்கப் போவதில்லை. ஏரியைப் பார்த்த ஜன்னல் என்ன விலை போகும் என்று கட்டுகஸ்தோட்டைத் தம்பிக்கே தெரியும்.

கட்டுகஸ்தோட்டை வாசி:
விலை விஷயத்தில் நீங்கள் சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டை விட்டுவிடுகிறேன். தரிப்பிடத்தை விடமாட்டேன். நகரம் மூச்சுத் திணறுகிறது என்பது நான் தினமும் பார்ப்பது.

அம்பிட்டிய டீச்சர்:
தரிப்பிடம் நகருக்கு வெளியே வேண்டும், அங்கிருந்து ஒழுங்கான பஸ் வேண்டும். உள்ளே இடம் கொடுக்கக் கொடுக்க வாகனம் கூடத்தான் செய்யும். மாநகர சபைக்கு ஒரு மனு எழுதுகிறேன்: காட்டின் எல்லையை அளந்து கல் நட வேண்டும், களைக்கொடி அகற்றக் கூலி ஒதுக்க வேண்டும், கட்டம்பே, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் தரிப்பிடம் வேண்டும்.

ஹந்தானை தங்கராசு:
நாலாவதாக லயத்து மக்களுக்கு உறுதியோடு காணி என்று எழுதுங்கள் டீச்சர். அது மாநகர சபையின் வேலை இல்லை என்பார்கள். பிரதேச செயலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அந்த வரி இருந்தால் எங்கள் லயத்தில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கித் தருகிறேன். இல்லாவிட்டால் என் கையெழுத்தும் இல்லை.

கட்டுகஸ்தோட்டை வாசி:
நாலாவது வரிக்கு என் கையெழுத்து உண்டு. முதல் வரிக்கு இல்லை. வெளியே தரிப்பிடம் கட்டி பஸ் ஓட ஆரம்பிக்கட்டும், அதற்குப் பிறகு எல்லைக்கல்லைப் பற்றிப் பேசலாம்.