கேரட் ஏற்றும் பிக்கப்புக்கு எந்த லைனர்? கேத்தியிலிருந்து என் அனுபவம்

நீலகிரியின் கேத்திப் பாலாடாவிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிச் செல்லும் பிக்கப் ஒன்றைப் பதினோரு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். புது வண்டி எடுக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் லைனரைப் பற்றி, அதாவது சரக்கு ஏற்றும் தொட்டியின் தகட்டைக் காக்க உள்ளே போடும் உறையைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் சொல்வதையே இங்கும் எழுதுகிறேன்.

வண்டி வந்த முதல் மாதமே, தொட்டி வடிவில் வார்த்து வரும் பிளாஸ்டிக் லைனரை வாங்கித் திருகாணி போட்டுப் பொருத்தினேன். கீறல் விழாது, கழுவுவது சுலபம் என்று கடைக்காரர் சொன்னது உண்மைதான். ஆனால் எங்கள் கேரட் மெஷினில் கழுவப்பட்டு, நீர் சொட்டச் சொட்ட மூட்டையாகி வண்டியில் ஏறுகிறது. போதாததற்கு ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த கையோடு அக்டோபரில் வடகிழக்கு மழையும் பிடித்துக்கொள்கிறது. அந்த நீரெல்லாம் திருகாணித் துளைகள் வழியாக லைனருக்கு அடியில் இறங்கி, காற்றும் வெயிலும் படாமல் தேங்கி நின்றிருக்கிறது. மேற்புறம் பளபளவென்று இருந்ததால் இரண்டு மழைக்காலம் நான் கழற்றிப் பார்க்கவே இல்லை. கழற்றிய அன்று அடியில் விரற்கடை உயரத்துக்குச் சேறு அப்பியிருந்தது. அதை வழித்தெடுத்துவிட்டு முன்மூலையில் திருப்புளியை லேசாக அழுத்தினேன். தகட்டைத் துளைத்துக்கொண்டு முனை மறுபுறம் வந்துவிட்டது. அடியில் சிக்கிய மணல், வண்டியின் அதிர்வில் உப்புத்தாளைப் போல் பெயின்டைத் தேய்த்திருந்தது. திரும்பும் பயணங்களில் ஏற்றிவந்த பொட்டாஷ் உரம் சிந்தியதும் ஒரு காரணம். அதிலுள்ள குளோரைடு ஈரத்தோடு சேர்ந்தால் துருவை விரைவுபடுத்தும்.

இன்னொரு தொல்லை வழுக்கல். குன்னூர் தாண்டி பர்லியாறு இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் மூட்டைகள் சறுக்கி வந்து முன்சுவரில் மோதும் சத்தம் கேபினுக்குள் கேட்கும். மலைச்சாலையில் அது அச்சமூட்டும் சத்தம்.

அழுகிய தகட்டை வெட்டி எடுத்துப் பட்டறையில் புதுத்தகடு வைத்த பிறகு மற்றவற்றை ஆராய்ந்தேன். எட்டடிக்கு ஐந்தரையடித் தொட்டியில் 3 மி.மீ. இரும்புச் செக்கர் பிளேட் (வழுக்காமலிருக்க மேலே புடைப்புகள் உள்ள தகடு) விரித்தால் ஏறத்தாழ 96 கிலோ. இரண்டு மூட்டைக் கேரட்டின் எடையை எப்போதும் சும்மா சுமப்பதாகும். அலுமினியத் தகடு 33 கிலோதான் என்றாலும், இரும்போடு நேரடியாகச் சேர்த்து ஈரத்தில் வைத்தால் மின்வேதி அரிப்பு தொடங்கிவிடும். என் மைத்துனர் தம் வண்டிக்குப் பாலியூரியா ஸ்ப்ரே, அதாவது தெளித்ததும் இறுகித் தடித்த படலமாகும் பூச்சு, அடித்தார். தகட்டோடு ஒட்டிப் பிடிப்பதால் அடியில் நீர் புக வழியே இல்லை. என் கருத்தில் அதுவே சிறந்தது. ஆனால் அதை பிப்ரவரி, மார்ச் வறட்சியில்தான் அடிக்க வேண்டும். துருவை முழுவதும் சுரண்டாமலோ, ஈரம் காயாமலோ அடித்தால் பூச்சு கொப்பளித்து உரியும்; உரிந்த இடத்தில் பிளாஸ்டிக் லைனரின் கதையே திரும்பும்.

நான் துருத்தடுப்பு பிரைமரும் பெயின்டும் அடித்து, அடிப்பக்கம் வரிவரியாகப் பள்ளமுள்ள 10 மி.மீ. ரப்பர் மேட்டை இரண்டு துண்டாக வெட்டி விரித்திருக்கிறேன். எங்கும் துளை போடவில்லை. மொத்தம் ஐம்பது கிலோவைத் தாண்டும் என்றாலும் துண்டுகளாக இருப்பதால் ஒருவரே தூக்கலாம். மூட்டைகளும் வைத்த இடத்திலேயே நிற்கின்றன. ஞாயிறுதோறும் மேட்டைச் சுவரில் சாய்த்துக் காயவிட்டு, வடிகால் துளைகளில் அடைத்த கேரட் வேர்களைக் கம்பியால் குத்தி எடுக்கிறேன்.

லைனர் போட்ட பழைய வண்டி விலைக்கு வந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் அதைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.