சிறு விமானத்தில் வெயில் மறைப்பு பொருத்தியபோது உங்களுக்கு நேர்ந்தது என்ன?

மேற்குமுகம் எழுதியது:

என்னுடைய செஸ்னா 172இல் ஆதியிலிருந்தே இருந்த வெயில் மறைப்புகளின், அதாவது வைசர்களின், மூட்டுகள் தளர்ந்துபோய், ஓடுபாதையில் சிறு குலுங்கல் ஏற்பட்டாலும் அவை கண்முன் சரிந்து விழத் தொடங்கியிருந்தன. ஆகவே அவற்றைக் கழற்றிவிட்டு, புகைநிற அக்ரிலிக் தகடும் இரண்டு மூட்டுகள் கொண்ட கையும் உள்ள புதிய வைசர்களை மெக்கானிக்கைக் கொண்டு மாட்டினேன். மாட்டிய வேலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, ஒரே பிற்பகலில் முடிந்துவிட்டது. காம்பஸையும் முறைப்படி சரிபார்த்து, ஒவ்வொரு திசையிலும் அதன் பிழையைக் குறிக்கும் புதிய திருத்த அட்டை எழுதி ஒட்டினோம்.

அதன் பிறகு இரண்டு மாதங்கள், மாலை நேரத்தில் மேற்கே திரும்பி வரும்போதெல்லாம், ஜிபிஎஸ் காட்டும் கோட்டை விட்டு விலகாமல் இருக்க, சுழல்சக்கரத்தால் திசை காட்டும் திசைச்சுழலியை எப்போதும் 15 பாகை அளவுக்கு இடப்பக்கம் வைக்க வேண்டியிருந்தது. தெற்கிலிருந்து காற்று அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தரையிறங்கிப் பார்த்தால், காற்றின் திசை காட்டும் காற்றுப்பை துவண்டு தொங்கிய நாட்களும் உண்டு. மேலே காற்று வேறாக இருக்கும் என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். நண்பகலில் கிழக்கே போகும்போது இந்தக் காற்று ஒருமுறைகூட அடித்ததில்லை என்பது எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை.

ஒரு மாலை, மேற்கு நோக்கிய 27ஆம் ஓடுபாதையில் புறப்பாட்டுக்காக நேராக நின்றிருந்தேன். சூரியன் ஓடுபாதையின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தது. வைசரைப் பக்கவாட்டிலிருந்து இழுத்து முகத்துக்கு நேரே கொண்டுவந்தேன். விமானம் அசையவில்லை, ஆனால் காம்பஸுக்குள் திசை எண்கள் எழுதிய அட்டை மெதுவாக, எண்ணெயில் மிதப்பது போல, மேற்கைக் குறிக்கும் 270இலிருந்து நகர்ந்து 255க்கு அருகில் போய் நின்றது. வைசரைத் தள்ளினேன், அட்டை திரும்பி வந்தது. மீண்டும் இழுத்தேன், மீண்டும் போனது. புறப்பட அனுமதி தந்த குரல் இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் எனக்கு நினைவு திரும்பியது. அன்று புறப்படாமல் ஓடுபாதையை விட்டு வெளியேறினேன்.

கையின் மூட்டுக்குள் இறுக்கம் தருவதற்காக ஓர் எஃகுச் சுருள்வில் இருந்தது. காம்பஸைச் சரிபார்த்தபோது வைசர்கள் இரண்டும் பக்கவாட்டில் மடிந்திருந்தன. அந்த நிலையில் திருத்த அட்டை முற்றிலும் சரி. வெயில் முகத்தில் அடிக்கும்போது மட்டும், அதாவது மாலையில் மேற்கே பறக்கும்போது மட்டும், சுருள்வில் காம்பஸின் பக்கத்தில் வந்து நின்றது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை திசைச்சுழலியை நான் அந்தக் காம்பஸைப் பார்த்துத்தான் திருத்திக்கொண்டிருந்தேன்.

மரையாணி எழுதியது:

என் கதையில் காம்பஸ் தப்பித்தது, தகடு தப்பவில்லை. அக்ரிலிக் தகட்டைக் கையோடு பிணைக்கும் திருகாணி எஞ்சின் அதிர்வில் அடிக்கடி இளகியதால், திருகு இளகாமல் பிடிக்கும் திரவப் பசையில் ஒரே ஒரு துளியை மரையில் விட்டு முடுக்கினேன். உலோகத்தில் ஆயிரம் முறை செய்த வேலை அது.

சில நாட்கள் கழித்து, தரையிறங்கும் முன் ஓடுபாதைக்கு இணையாகப் பறந்துகொண்டிருந்தபோது, சிறிய காற்றுக் கொந்தளிப்பில் வைசரின் பாதி உடைந்து மடியில் விழுந்தது. மடியிலிருந்து வழுக்கி என் வலது காலணிக்கும் சுக்கான் மிதிக்கும் நடுவே போய்ச் செருகிக்கொண்டது. காலைத் தூக்கினால் அது இன்னும் உள்ளே போகிறது, மிதித்தால் மிதி பாதி வழியில் நிற்கிறது. பக்கத்தில் யாரும் இல்லை. குதிகாலால் அதைப் பின்னுக்குத் தள்ளி எடுக்க எவ்வளவு நேரம் ஆனதோ, அதற்குள் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தேன்.

பிறகு உடைந்த துண்டைப் பார்த்தால், துளையிலிருந்து நட்சத்திரம் போல நுண்ணிய விரிசல்கள் எல்லாத் திசைகளிலும் ஓடியிருந்தன. அந்தப் பசை, காற்றுப்படாத உலோக மரைகளுக்கு நடுவேதான் இறுகும். அக்ரிலிக்கின் மேல் வழிந்த பகுதி இறுகாமல் திரவமாகவே கிடந்து, ஏற்கெனவே முடுக்கத்தால் இறுக்கத்தில் இருந்த துளையோரத்தைப் பிளந்துவிட்டது. பாலிகார்பனேட்டுக்கும் இதே கதிதான். இப்போது நைலான் வளையம் உள்ள நட்டும், தகட்டின் இரு பக்கமும் மென்மையான வாஷரும் போட்டிருக்கிறேன்.

பதிவேடு எழுதியது:

மேற்குமுகம் அவர்கள் வருத்தப்பட வேண்டாம், ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். காம்பஸ் சரிபார்ப்பு என்பது விமானம் பறக்கும் நிலையில் எப்படி இருக்குமோ அப்படியே செய்ய வேண்டியது. எஞ்சின் ஓட வேண்டும், வானொலிகளும் விளக்குகளும் இயங்க வேண்டும், 30 பாகைக்கு ஒரு முறை நிறுத்திக் குறிக்க வேண்டும். அசையக்கூடிய ஒரு பொருளைக் காம்பஸுக்கு அருகில் புதிதாக வைத்தவர், அந்தப் பொருளின் ஒவ்வொரு நிலையிலும் சோதித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. சமதளப் பறத்தலில் எந்தத் திசையிலும் விலகல் 10 பாகையைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கச் சான்றளிப்பு விதிகளில் நெடுங்காலம் இருந்த எல்லை. தாங்கள் சொல்லும் 15 அந்த எல்லையையே மீறியது.

என் அனுபவம் சிறியது. வாங்கவிருந்த விமானம் ஒன்றைப் பார்க்கச் சென்றபோது அழகான வைசர்கள் இருந்தன, பராமரிப்புப் பதிவேட்டில் அவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மேற்கூரைத் துணியைச் சற்று விலக்கிப் பார்த்ததும் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். கையைப் பொருத்திய திருகாணியின் முனை, காம்பஸ் விளக்குக்குப் போகும் கம்பியின் உறையைப் பாதி அறுத்துக்கொண்டு நின்றது.

ஆகவே பொருத்த நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். முதலாவது, தங்கள் விமான மாதிரிக்கென்றே துணை வகைச் சான்றிதழ் (விமானத்தில் செய்யும் மாற்றத்துக்கான ஒப்புதல்) பெற்ற வைசரா என்று பாருங்கள். அமெரிக்காவில் பதிவான விமானமாக இருந்து, இந்த மாற்றம் பெரிய மாற்றமாகக் கருதப்பட்டால் 337ஆம் படிவம் நிரப்ப வேண்டும். சிறிய மாற்றமாக இருந்தாலும் பதிவேட்டில் உரிமம் உள்ளவரின் கையொப்பம் வேண்டும். இரண்டாவது, பழைய வைசரின் துளைகள் இருக்கும்போது புதிய துளை போடாதீர்கள். செஸ்னா போன்ற மேற்சிறகு விமானங்களில் சிறகின் சுமையைத் தாங்கும் குறுக்குச் சட்டம் தலைக்கு மேலேதான் ஓடுகிறது, ஒப்புதல் இல்லாமல் அதில் துளையிடும் உரிமை யாருக்கும் இல்லை. மூன்றாவது, தீப்பற்றி எரியாத பொருளா என்று கேளுங்கள், வீட்டில் தைத்த துணி உறை அழகாக இருக்கலாம், சோதனைச் சான்று அதற்கு இருக்காது. நான்காவது, துருப்பிடிக்காத எஃகு காந்தத்தில் ஒட்டாது என்று நம்பிவிடாதீர்கள். வளைத்தும் இழுத்தும் உருவாக்கிய சுருள்வில்லில் அதே உலோகம் ஓரளவு காந்தத்தன்மை பெற்றுவிடும். ஒரு சிறு காந்தத்தை நூலில் கட்டி ஒவ்வொரு பாகத்தின் அருகிலும் தொங்கவிட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஆனால் அந்தக் காந்தத்தைப் பட்டறை மேசையிலேயே விட்டுவிடுங்கள், காக்பிட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். ஐந்தாவது, வைசரை எல்லா நிலைகளிலும் திருப்பிப் பாருங்கள். செஸ்னாவில் முன்கண்ணாடியின் மேல் மூலையில் உள்ள காற்றுக் குழாயை வெளியே இழுத்த நிலையிலும் கை இடிக்கக் கூடாது.

தாழ்சிறகு எழுதியது:

பதிவேடு அவர்கள் சொன்ன ஐந்திலும் எனக்கு மறுப்பில்லை, ஆனால் அந்த ஐந்தையும் நிறைவு செய்த ஒரு வைசர்தான் எனக்கு ஏறக்குறைய எமனாக வந்தது. என்னுடையது பைப்பர் செரோக்கி, உயரத் திருத்தக் கைப்பிடி (விமானத்தின் மூக்கு மேலும் கீழும் சாயாமல் சமன்செய்வது) கூரையில் இருக்கும் பழைய வகை. அதன் இருபுறமும் ஒளி புகாத பலகை வைசர்கள். சான்றிதழ், கையொப்பம் எல்லாம் ஒழுங்காக இருந்தன.

மாலை வெயிலில் வைசரைப் புருவம் வரை இறக்கிவிட்டுப் பறந்துகொண்டிருந்தேன். வெளிச்சம் கண்ணை உறுத்தவில்லை, மனம் சுகமாக இருந்தது. கூரைக் கைப்பிடியைச் சுழற்றத் தலையைச் சற்றுத் தாழ்த்தினேன். அந்த ஒரு அசைவில் வைசரின் கீழ் விளிம்புக்கு அடியிலிருந்து இன்னொரு விமானத்தின் இரண்டு சக்கரங்கள் இறங்கி வந்தன. இறக்கை தெரியவில்லை, உடல் தெரியவில்லை, சக்கரங்கள் மட்டும். நான் கீழே அழுத்தினேன், அது தலைக்கு மேலே போனது.

எதிரே வரும் விமானத்தைக் கண்டு, புரிந்து, முடிவெடுத்து, விமானம் வழிவிலகும் வரை 12.5 விநாடிகள் ஆகும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஆலோசனைச் சுற்றறிக்கை சொல்கிறது. இரு விமானங்களும் 100 நாட் (மணிக்கு ஏறத்தாழ 185 கிலோமீட்டர்) வேகத்தில் எதிரெதிரே வந்தால் அந்த நேரத்தில் அவற்றுக்கு இடையில் ஏறத்தாழ 1,300 மீட்டர் தூரம் கரைந்துவிடும். எனக்கு இரண்டு விநாடிகூடக் கிடைக்கவில்லை.

சூரியன் வானில் அடைக்கும் இடம் அரைப் பாகைதான். கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினால் அதைப் போல நான்கு மடங்கு அகலம் மறைந்துவிடும். அப்படியிருக்க வானத்தில் கால்வாசியை ஏன் பலகை போட்டு மூடினேன்? இப்போது ஒளி ஊடுருவும் சாம்பல் நிறத் தகடு போட்டிருக்கிறேன். சாம்பல் நிறம் மற்ற வண்ணங்களை அதிகம் திரிப்பதில்லை, பச்சை விளக்கு பச்சையாகவே தெரிகிறது.

நிழல்விரும்பி எழுதியது:

ஒளி ஊடுருவும் தகட்டிலும் ஒரு வலை இருக்கிறது. கண்கூச்சத்தை நன்றாகத் தடுக்கும் என்று நம்பி, துருவமுனைப்புப் படலம் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது) ஒட்டிய தகட்டை வாங்கி உறிஞ்சு குமிழால் முன்கண்ணாடியில் பதித்தேன். கண்ணாடி என்று நாம் சொன்னாலும் அது வளைத்துப் பொருத்திய அக்ரிலிக்தானே. அதன் உள்ளிறுக்கம் முழுவதும் அந்தத் தகட்டின் வழியே பச்சையும் ஊதாவுமான பட்டைகளாக வானத்தில் எழுந்து நின்றது. இறங்கும்போது ஓடுபாதையின் தொடக்கம் அந்தப் பட்டைகளில் ஒன்றுக்குள் மூழ்கிக் கிடந்தது, அதைத் தேடியதை என்னால் மறக்க முடியவில்லை. குமிழைப் பிடுங்கிப் பின்னிருக்கையில் எறிந்தேன்.

மேற்குமுகம் எழுதியது:

பதிவேடு அவர்களுக்கு நன்றி. பட்டியல் நீளமானது, அதில் பாதி நான் கேட்காதது, ஆயினும் வைசரின் ஒவ்வொரு நிலையிலும் காம்பஸைச் சோதித்திருக்க வேண்டும் என்பதை மறுக்க எனக்கு வாய் இல்லை. மெக்கானிக்கிடம் வைசரை மடித்து வைத்துக் கொடுத்தவன் நானே.

இடப்பக்க வைசரின் கை காந்தம் ஒட்டாத சுருள்வில்லோடு மாற்றப்பட்டுவிட்டது, இப்போது அதை எந்த நிலைக்குத் திருப்பினாலும் அட்டை இரண்டு பாகைக்கு மேல் அசைவதில்லை. வலப்பக்கத்துக்கான கை இன்னும் வந்து சேரவில்லை. அதுவரை அந்த வைசரைக் கதவோரமாக மடித்து நூலால் கட்டி வைத்திருந்தேன். சென்ற வாரம் உடன் வந்தவர் வெயில் தாங்காமல் நூலை அவிழ்த்து அதை மெல்ல முன்னே இழுத்தார். அவர் முகத்தில் நிழல் விழுந்ததை நான் பார்க்கவில்லை. அட்டை நகரத் தொடங்கியதைத்தான் முதலில் பார்த்தேன். அன்றே வலப்பக்க வைசரை முழுவதுமாகக் கழற்றி, கழற்றியதையும் பதிவேட்டில் எழுதச் செய்தேன்.