லேட்டன்சிக்கு ஒரு சொல் போதுமா? வீட்டு ஒலிப்பதிவுக் கணினிக் கையேட்டுக்காக

வணக்கம்.

வீட்டில் இசைப்பதிவு செய்பவர்கள் மேசைக்கணினி தேர்ந்தெடுப்பதற்கான கையேடு 'லேட்டன்சி' என்ற சொல்லில் வந்து நிற்கிறது. மைக்கில் பாடியது கணினிக்குள் போய், ஹெட்போன் வழியாகத் திரும்பிக் காதில் விழும்வரை ஆகும் நேரம் அது. வரைவில் 'தாமதம்' என்றுதான் இருக்கிறது. ஆனால் குரலை எதிரொலிபோல் திரும்பத் திரும்ப ஒலிக்கவைக்கும் 'டிலே' எஃபெக்டுக்கும் அடுத்த பகுதியில் அதே சொல். "தாமதத்தை 10 மில்லிநொடிக்குக் கீழே வையுங்கள்" என்றால் படிப்பவர் எதைக் குறைப்பார்?

'லேட்டன்ட் ஹீட்'டுக்கு 'உள்ளுறை வெப்பம்' இருப்பதால் 'உள்ளுறைவு' எனலாம் என்று ஒரு பரிந்துரை வந்தது. பனிக்கட்டி உருகும்போது வெப்பம் வெப்பநிலையைக் கூட்டாமல் உள்ளே உறைகிறது. அங்கே அந்தச் சொல் சரி. இங்கே எதுவும் உறையவில்லை, நேரம்தான் கழிகிறது. 'சுணக்கம்' என்று வைத்துக்கொள்ளலாமா?

———

> 'சுணக்கம்' என்று வைத்துக்கொள்ளலாமா?

எனக்கு உடன்பாடில்லை. 'வேலையில் சுணக்கம்' என்றால் யாரோ செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்று பொருள். இந்தக் காத்திருப்போ நாமே கேட்டு வாங்குவது. 48,000 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 மாதிரிகளாக (சாம்பிள்) ஒலியை எடுக்கும்போது, இடையகத்தை (பஃபர்: மாதிரிகள் சேர்ந்து காத்திருக்கும் நினைவிடம்) 128 மாதிரிகளாக வைத்தால், 128 மாதிரிகள் சேரும்வரை கணினி காத்திருந்தே ஆக வேண்டும். அது 2.67 மில்லிநொடி. எவ்வளவு உயர்ந்த கணினி வாங்கினாலும் அந்த 2.67 குறையாது. பழுதில்லாத ஒன்றுக்குப் பழிச்சொல் வேண்டாம்.

'பிந்துநேரம்' எப்படி? பிந்து என்ற வினையடியும் நேரமும் சேர்ந்த வினைத்தொகை. நேரம் என்பது சொல்லுக்குள்ளேயே இருப்பதால் "பிந்துநேரம் 8.6 மில்லிநொடி" என்று இயல்பாக எழுதலாம். உள்ளே போய் வெளியே வரும் முழு அளவு 'போய்வரு பிந்துநேரம்'.

அதை அளக்கும் முறையையும் கையேட்டில் சேருங்கள். மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸின் வெளியீடு ஒன்றிலிருந்து லைன் உள்ளீடு ஒன்றுக்கு ஒரு கேபிள். ஒரு டிராக்கில் கூர்மையான ஒற்றை 'டிக்' ஒலி. இன்னொரு டிராக்கில் அதைப் பதிவு செய்ய வேண்டும். பதிவாகும் டிராக்கில் மானிட்டரிங்கை அணைக்காவிட்டால் ஒலி வளையமாகச் சுற்றி ஊளையிடும். பிறகு அலைவடிவத்தைப் பெரிதாக்கி இரண்டு டிக்குகளுக்கும் நடுவே எத்தனை மாதிரிகள் என்று எண்ணலாம். 412 வந்தால் 8.58 மில்லிநொடி. அதில் 256 உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு இடையகங்களுக்கானது. மிச்சம் 156 ஒலியை எண்ணாக மாற்றும் சில்லும், இயக்கி (டிரைவர்: கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) பாதுகாப்புக்காகப் பிடித்துவைப்பதும். பதிவு மென்பொருள் இயக்கி சொன்ன அளவைக் கழித்துப் பதிவை முன்னே நகர்த்திவிடும். அந்த ஈடுகட்டலை நிறுத்திவிட்டு அளக்காவிட்டால் மிச்சப் பிழை மட்டுமே தெரியும். பலர் அதைப் பார்த்துப் பிந்துநேரமே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

8.58 மில்லிநொடியில் ஒலி காற்றில் ஏறக்குறைய 2.9 மீட்டர் போகும். கிட்டார்க்காரர் அவ்வளவு தூரத்தில் இருக்கும் ஆம்ப்ளிஃபயரோடு வாசித்துப் பழகியிருப்பார். பாடுபவருக்குத்தான் தொந்தரவு: சொந்தக் குரல் எலும்பு வழியாக உடனே கேட்கும், ஹெட்போன் குரல் பின்னால் வரும், இரண்டும் கலந்து குழாய்க்குள் பாடுவதுபோல் இருக்கும்.

———

'பிந்துநேரம்' எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் 'சுணக்கம்' என்ற சொல்லைத் தூக்கி எறிய வேண்டாம். ஆங்கிலத்தில் 'லேட்டன்சி' என்ற ஒரே சொல் இரண்டு வேறு சங்கதிகளைச் சுமக்கிறது. கணினி வாங்குபவர் குழம்புவது அங்கேதான்.

விண்டோஸில் 'டிபிசி லேட்டன்சி' என்ற ஒன்று உண்டு. வைஃபை இயக்கியோ கிராஃபிக்ஸ் இயக்கியோ செயலியைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கும் நேரம் அது. இதை நாம் கேட்டு வாங்கவில்லை. எப்போது வரும் என்றும் தெரியாது. இதுதான் அசல் சுணக்கம். இடையகம் 128 என்றால் 2.67 மில்லிநொடிக்கு ஒருமுறை ஒலி தயாராக இருக்க வேண்டும். வைஃபை இயக்கி 3 மில்லிநொடி செயலியை விடாவிட்டால் அந்தத் தவணை தவறி 'படக்' என்று ஒலி அறுபடும். செயலிப் பயன்பாடு 30 விழுக்காடுதான் காட்டும், அது சராசரி. இடையகத்தை 1024 ஆக்கினால் தவணை 21.3 மில்லிநொடி, அதே 3 மில்லிநொடிச் சுணக்கம் காதுக்கே எட்டாது. பதிவான டிராக்குகளைக் கலவை (மிக்ஸிங்) செய்யும்போது 1024 வைப்பது அதனால்தான். ஆக, பிந்துநேரத்தைக் கூட்டினால் சுணக்கம் மறைகிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் இந்த வாக்கியத்தையே தமிழில் எழுத முடியாது.

சுணக்கத்தைக் காண லேட்டன்சிமான் என்ற மென்பொருளைப் பத்து நிமிடமாவது ஓடவிட்டு உச்ச அளவைப் பார்க்க வேண்டும். சரிசெய்யும் வரிசை: வைஃபையை டிவைஸ் மேனேஜரில் முடக்குவது, மின்சேமிப்புத் திட்டத்தை உயர்செயல்திறனுக்கு மாற்றுவது, யுஎஸ்பி உறக்கத்தை நிறுத்துவது, ஹப்பை விட்டுத் தாய்ப்பலகையின் பின்பக்கத் துளையில் நேராகச் செருகுவது. ஒவ்வொன்றுக்கும் பிறகு மறுபடி அளக்க வேண்டும். மொத்தமாக மாற்றினால் குற்றவாளி எதுவென்று தெரியாது.

———

இருவருக்கும் மிக்க நன்றி. பிந்துநேரம், சுணக்கம், அறுபடல் மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். செயலிப் பகுதியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

"ஒரு டிராக்கில் வரிசையாகப் போட்ட பிளகின்கள் (ஒலியை மாற்றும் சிறு மென்பொருள்கள்) ஒன்று முடித்துத்தான் அடுத்ததற்குத் தரும். அந்த வரிசையைச் செயலியின் பல கருக்களுக்குப் (கோர்) பங்கிட முடியாது. குறைந்த பிந்துநேரத்தில் பாடிப் பதிவு செய்ய ஒற்றைக் கருவின் வேகத்தைப் பாருங்கள். நாற்பது டிராக்குகளைக் கலக்கக் கருக்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். குரலும் கிட்டாரும் என்றால் 16 ஜிபி ராம் போதும். பதிவு செய்த வாத்தியத் தொகுப்புகளை ஏற்றுவதானால் 32. 24 பிட், 48,000 ஹெர்ட்ஸில் 16 டிராக்குகள் சேர்ந்தே நொடிக்கு 2.3 எம்பிதான்; பழைய சுழல்வட்டே தாங்கும். எஸ்எஸ்டி கேட்பது வாத்தியத் தொகுப்புகள் விரைவாக ஏறவும், மைக்கில் வட்டின் இரைச்சல் விழாமலிருக்கவும். யுஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டர் வரை போகலாம் என்பதால், விசிறிச் சத்தமுள்ள பெட்டியை மைக்கிலிருந்து தள்ளியே வையுங்கள்."

'பஃபர்' பற்றி: வேதியியலில் 'தாங்கல் கரைசல்' இருந்தாலும் கணினியில் 'இடையகம்' ஊன்றிவிட்டது, அதை மாற்றவில்லை. ஆனால் "இடையகம் 128" என்று மட்டும் எங்கும் எழுத மாட்டேன். 44,100 ஹெர்ட்ஸில் அது 2.9 மில்லிநொடி, 96,000இல் 1.33. அட்டவணையில் மாதிரி வீதம், இடையகம், கேபிள் போட்டு அளந்த போய்வரு பிந்துநேரம் என்று மூன்று பத்திகள் இருக்கும். இயக்கி தானாகச் சொல்லும் எண்ணுக்கு அங்கே இடமில்லை.