அதிர்ச்சி அலைக்குப் பின்: ஒரே வளைகோடு போதுமா?

அகிலன்:
அதிர்ச்சியைக் கடந்த துகள்களின் ஆற்றல் பரவலை ஒரே வளைகோட்டால் விவரிக்கலாமா என்பதே நம் கேள்வி. பூமியின் காந்தப்புலம் சூரியக் காற்றைத் தடுக்கும் இடத்துக்கு முன்னே உருவாகும் வில் அதிர்ச்சியில், நொடிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சூரியக் காற்று சட்டென்று வேகம் குறைந்து சூடாகிறது. ஆனால் அங்கே துகள்கள் ஒன்றோடொன்று மோதுவது மிக அரிது என்பதால் மோதல்களால் சமநிலை அடைந்த துகள்களுக்குரிய மேக்ஸ்வெல் பரவலை எதிர்பார்க்க முடியாது. என் கருத்தில் காப்பா பரவலே போதும். குறைந்த ஆற்றலில் மேக்ஸ்வெல்லை ஒத்தும், உயர் ஆற்றலில் ஆற்றலின் ஓர் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும் அடுக்கு விதியைப் பின்பற்றியும் செல்லும் அதற்குக் கூடுதலாகத் தேவைப்படுவது காப்பா என்ற ஒரேயோர் அளவுரு.

தேன்மொழி:
வளைகோடு பொருந்திவிட்டால் காரணம் விளங்கிவிட்டதாகாது. இங்கே அது பொருந்துவதுகூட இல்லை. அதிர்ச்சியின் குறுக்கே உள்ள மின்னழுத்த வேறுபாடு எலக்ட்ரான்களை உள்ளிழுத்து முடுக்குவதால், அவற்றின் பரவல் பெரும்பாலும் தட்டையான உச்சியுடன் அமைகிறது. காப்பாவுக்கு எந்த மதிப்பைக் கொடுத்தாலும் அந்த வடிவம் வராது. அயனிகளின் நிலை வேறு: காந்தப்புலம் அதிர்ச்சியின் முகப்புக்கு ஏறத்தாழ இணையாகக் கிடக்கும் இடங்களில் ஒரு பகுதி அயனிகள் எதிரொளிக்கப்பட்டு, புலத்தைச் சுற்றி வளைந்து, கூடுதல் ஆற்றலுடன் மீண்டும் உள்ளே நுழைகின்றன. நேரே கடந்த அயனிகளும் எதிரொளிக்கப்பட்டவையும் இரு வேறு கூட்டங்கள்.

அகிலன்:
நீங்கள் சொல்வது முகப்பை ஒட்டிய இடத்துக்குப் பொருந்தும். தொலைவு செல்லச் செல்ல அலைகள் இவ்வேறுபாடுகளைக் கரைத்துவிடுகின்றன. மேலும், கருவியின் சில ஆற்றல் பட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு நான்கைந்து கூறுகளைப் பொருத்தினால், கிடைக்கும் எண்களை எப்படி நம்புவது?

தேன்மொழி:
கருவி காணாததைக் கோடும் காட்டாது என்பதற்கு வாயேஜர் 2 விண்கலம் சான்று. 2007 ஆகஸ்டில் அது சூரியக் குடும்பத்தின் வெளிப்புறத்தில் சூரியக் காற்று சட்டென்று வேகம் குறையும் முடிவு அதிர்ச்சியைக் கடந்தபோது, சூரியக் காற்றின் வழக்கமான வெப்பக் கூட்டம் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாகவே சூடாகியிருந்தது. ஆற்றலின் பெரும்பகுதி, விண்மீனிடை நடுநிலை அணுக்கள் அயனியாகிச் சேர்ந்துகொண்ட கூட்டத்துக்குப் போயிருந்தது. அக்கூட்டத்தை அதன் பிளாஸ்மா கருவியால் நேரடியாக அளக்க முடியவில்லை.

மதிவாணன்:
இருவரும் பரவலின் உயர் ஆற்றல் முனையான வாலைத் தொடவில்லை. 1977, 1978 ஆண்டுகளில் கிரிம்ஸ்கி, பெல் உள்ளிட்டோர் தனித்தனியே வகுத்த, துகள்கள் அதிர்ச்சியை மீண்டும் மீண்டும் கடந்து ஆற்றல் பெறும் முடுக்கக் கோட்பாட்டின்படி, வாலின் சரிவை அடர்த்தி எத்தனை மடங்காகிறது என்பதே தீர்மானிக்கிறது. நான்கு மடங்கானால் பரவல் உந்தத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும். அப்படியிருக்க, காப்பாவை விருப்பம்போல் திருப்ப நமக்கு உரிமை ஏது?

அகிலன்:
கோள்களிடை அதிர்ச்சிகளில் அளந்த சரிவு பல நேரங்களில் அந்தக் கணிப்போடு ஒத்துப்போவதில்லையே! வெப்பக் கூட்டத்திலிருந்து எத்துகள் முடுக்கத்துக்குள் நுழைகிறது என்பதையும் அக்கோட்பாடு தானாகச் சொல்லாது.

மதிவாணன்:
உண்மை. ஆனால் அந்த நுழைவு நிகழ்வது, தேன்மொழி குறிப்பிட்ட எதிரொளித்த அயனிகளுக்கும் வாலுக்கும் இடைப்பட்ட ஆற்றலில்தான். காப்பா வளைகோடு தடயமின்றி வழுக்கிச் செல்வதும் அதே இடத்தில்தான்.